நீ இன்னும் போகாத வீடு

நைனா,

குருப்பட்டம் வாங்கிய நாளிலிருந்து உன்னை நான் சாமி என்றுதான் கூப்பிடுகிறேன். பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, எண்ணெய் பூசிய உன் உள்ளங்கையை முத்தி செய்து, உன்னிடம் முதல் ஆசீர்வாதம் வாங்கியவள் நான். அன்று முதல் நீ வீட்டுக்குள் நுழைந்தால் எழுந்து நிற்கிறேன், நாலு பேர் எதிரில் வாங்க போங்க என்கிறேன். நம் சனத்தில் சாமியாரைப் பெற்ற எல்லாத் தாயும் செய்வதுதான், எனக்கு அதில் பெருமையும் உண்டு. ஆனால் எழுந்து நின்றுகொண்டு ஒருத்தியால் பெற்ற பிள்ளையைத் திட்ட முடிவதில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் நீ எனக்குச் சாமி இல்லை, நைனாதான். இதை ஒளித்து எழுதவும் இல்லை, யார் படித்தாலும் படிக்கட்டும்.

வரும் திங்கட்கிழமை நீ மேல்படிப்புக்கு ரோமாபுரி போகிறாய். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் உனக்கு வழியனுப்பு விழா. ஜி.என்.டி. ஹைவே ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினதுமே உன் படம் போட்ட ஃப்ளெக்ஸ் தெரிகிறது. கும்மிடிப்பூண்டியின் கல்வித் தந்தையே என்று எழுதியிருக்கிறார்கள். கல்வித் தந்தைக்கு இன்னும் நாற்பது வயது ஆகவில்லை, அது கிடக்கட்டும். இந்த ஒரு வாரமாக வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொள்கிறாய். சிப்காட்டில் கம்பெனி மேனேஜர் வீட்டுக்குப் போனாய், பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்குப் போனாய், கோயில் மணி அடிக்கிற செபஸ்தியான் வீட்டில்கூட உட்கார்ந்து டீ குடித்தாய். லூர்துமேரி வீட்டுக்கு மட்டும் போகவில்லை. கோயிலின் பின்வாசலில் இறங்கித் தண்ணீர் டேங்கைத் தாண்டினால் அவள் வீடு. அவள் பிள்ளையைப் புதைத்து ஒரு மாதம் ஆகிறது. ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு, “போனா நம்ம மேலதான் தப்புன்னு ஆயிடும்மா. வக்கீலே வேணான்றாரு” என்றாய். அப்போது உன் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன், பேசாமல் ஊற்றினேன். இப்போது பேசுகிறேன். ஊரை விட்டுப் போவதற்கு முன் நீ அந்த வீட்டுக்குப் போக வேண்டும். இவ்வளவு பக்கம் எழுதுவது அந்த ஒன்றுக்காகத்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்மா தமிழ்ப் பள்ளி டீச்சர், இங்கிலீஷ் பள்ளி வந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை, அந்தக் காந்தலில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்ளாதே. ஊரே ஆர்.சி. ஸ்கூல் என்று சொன்ன அந்தப் பள்ளியில்தான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ரிட்டயர் ஆகும் வரை இருந்தேன். அது எப்படிச் செத்துக்கொண்டிருந்தது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஒரு டீச்சர் ரிட்டயர் ஆனால் அந்த இடத்துக்கு ஆள் வராது. இரண்டு வகுப்பை ஒரே அறையில் உட்கார வைத்து, இந்தப் பக்கம் வாய்ப்பாடு அந்தப் பக்கம் செய்யுள் என்று தொண்டை கட்டக் கத்தியிருக்கிறேன். அது ஒன்றும் சொர்க்கமும் இல்லை. பிள்ளைகளை மணலில் முட்டி போட வைத்தோம், பிரம்பால் அடித்தோம், நானும்தான் அடித்தேன். நம் ஜனம் நேற்று வரை அடுத்தவன் கழனியில் நாற்று நட்ட ஜனம், இன்று கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறது. தன் பிள்ளை நாளைக்கு அதே கம்பெனி ஆபீசில் உட்கார்ந்து இங்கிலீஷ் பேச வேண்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டதை ஒரு நாளும் நான் குறை சொன்னதில்லை. ஆர்.சி. ஸ்கூலைத் தாண்டித்தான் வெளியூர் இங்கிலீஷ் பள்ளி வேன்கள் போகும். கம்மலை அடகு வைத்தாவது அந்த வேனில் பிள்ளையை ஏற்றிவிடத்தான் பார்த்தார்கள்.

சொந்த ஊர்ப் பங்குக் கோயிலில் எந்தச் சாமியாரையும் போடுவதில்லை. பள்ளியை மூடுகிற நிலைமை என்பதால் ஆயரிடம் நீயே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாய். பங்குச் சாமியாரும் நீ, பள்ளித் தாளாளரும் நீ. நீ கூட்டிய முதல் பெற்றோர் கூட்டம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தமிழ்ப் பள்ளியை அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டு அதே இடத்தில் இங்கிலீஷ் பள்ளி ஆரம்பிக்கிறோம், கட்டணம் மற்ற இடங்களைவிடக் குறைவு என்று நீ பேசி முடித்தபோது லூர்து எழுந்தாள். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவள், அப்போதே வாய்த்துடுக்கு. “சாமி, நம்ம புள்ளைங்க மெய்யாலுமே இங்கிலீஷ் பேசுங்களா? இல்ல, சும்மா டை கட்டிக்கினு வந்து போவுங்களா?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். “உன் பொண்ணு என்னாண்ட இங்கிலீஷ்ல பேசலன்னா, என்ன வந்து கேளு லூர்து” என்றாய். சம்மதம் என்றால் கை தூக்குங்கள் என்று நீ சொன்னபோது முதல் பெஞ்சில் முதல் கை என்னுடையது.

உன்னையே நான் என் பள்ளியில் முழுசாகப் படிக்க வைக்கவில்லையே. மூன்றாவது முடிந்ததும் சென்னையில் சாமியார்கள் நடத்துகிற போர்டிங்கில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். “டீச்சரம்மா ஸ்கூலு, டீச்சரம்மா புள்ளைக்கே ஆவலையா?” என்று காலனியில் கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன், இன்றைக்கும் அதற்காக வருந்தவில்லை. ஒரு பொங்கல் லீவு முடிந்து உன்னைத் திரும்பக் கொண்டுபோய் விடும்போது பொன்னேரியில் ரயில் நின்றுவிட்டது. நாம் போய்ச் சேர்வதற்குள் போர்டிங் கேட்டைச் சாத்திவிட்டார்கள். வெயிலில் நின்றோம். நீ அழுதாய், மூக்கு ஒழுகியது, என் முந்தானையில் துடைத்துவிட்டேன். “ஃபாதர், ட்ரெயின் லேட், ப்ளீஸ் ஃபாதர்” என்று தெரிந்த இங்கிலீஷை எல்லாம் கம்பி வழியாகக் கொட்டினேன். கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிட்டுத் திறந்தார்கள். அந்தப் பள்ளியிலிருந்து எல்லாவற்றையும் நீ இங்கே கொண்டுவந்தாய். டை வந்தது, வெள்ளை ஷூ வந்தது, அசெம்பிளியில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பது வந்தது, சாத்திய கேட்டும் வந்தது. அன்றைக்கு உன் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஒருத்தி நின்றாளே, அதை மட்டும் விட்டுவிட்டு வந்துவிட்டாய். எனக்கு அன்று பள்ளியில் லீவு கிடைத்தது, அதனால் வர முடிந்தது.

ஆர்.சி. ஸ்கூலுக்குச் சுவரே கிடையாது. பிள்ளைகள் கோயில் பக்கமாக, கல்லறைப் பக்கமாக, எப்படி வேண்டுமானாலும் வரும். லேட்டாக வந்தால் திட்டு விழும், முதுகில் ஒன்று விழும், ஆனால் உள்ளேதான் விழும். நீ காம்பவுண்டுச் சுவர் எழுப்பி இரும்புக் கேட் போட்டாய். லாரி போகிற ரோட்டோரம், சுவர் வேண்டியதுதான், நல்லது. காலையில் அரசாங்கம் போட்ட உப்புமாவும் மத்தியானச் சத்துணவும் தமிழ்ப் பள்ளியோடு போயின. டிபன் பாக்ஸைத் திறக்காமலே மூடி வைக்கிற பிள்ளைகள் உண்டு என்று டீச்சர்கள் சொன்னார்கள், அதையும் சமாளிக்கலாம் என்றாய். அப்புறம் அந்தச் சட்டம் வந்தது. எட்டே காலுக்கு மணி அடித்தால் கேட்டைச் சாத்த வேண்டும், பிந்தி வருகிற பிள்ளை தாயையோ தகப்பனையோ கூட்டிக்கொண்டு வந்தால்தான் உள்ளே விட வேண்டும். “ஷிப்டுக்குப் போற ஜனம் சாமி, ஆத்தாள எங்கருந்து இட்டாருவாங்க?” என்று நான் கேட்டேன். “நாலு நாள் கஷ்டமா இருக்கும், அப்புறம் பழகிடும்மா. டிசிப்ளின் இல்லாம ஒண்ணும் வராது” என்றாய். பழகத்தான் பழகினார்கள். காலையில் நம் தெருவில் பிள்ளைகள் நடந்து நான் பார்க்கவே இல்லை, எல்லாம் ஓட்டம்தான். சாமி சொன்னால் சரியாக இருக்கும் என்று காலனியில் ஒருத்தரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு பள்ளியாக இருந்தால் நாலு தகப்பன்கள் கேட்டில் வந்து சத்தம் போட்டிருப்பார்கள், நைனா. நீ நம் வீட்டுப் பிள்ளை என்பதால் போடவில்லை.

லூர்துவின் மகள் ஜெனிபர் நாலாம் வகுப்பு. தகப்பன் கேரளாவில் பெயிண்டிங் வேலைக்குப் போனவன், நல்ல நாள் பெரிய நாளுக்கு வருவான். அந்த வாரம் லூர்துவுக்குக் காலை ஷிப்டு, ஆறு மணிக்கெல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கம்பெனிக்குள் இருந்தாள். தம்பியைக் குளிப்பாட்டிப் பால்வாடியில் விட்டுவிட்டு ஜெனிபர் பள்ளிக்கு வர வேண்டும், அதுதான் அவர்கள் வீட்டு ஏற்பாடு. அன்று பால்வாடி திறக்க நேரமாகிவிட்டது. சின்னப் பையனைத் தெருவில் விட்டுவிட்டு வர முடியுமா, காத்திருந்து ஒப்படைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள். வரும்போது கேட் சாத்தியிருந்தது, உள்ளே மைக்கில் ஜெபப் பாட்டு. வாட்ச்மேன் தாஸ், “நான் இன்னா பண்றது பாப்பா, போயி உங்கம்மாவ இட்டுக்கினு வா” என்று சொல்லியிருக்கிறார். அவள் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. அம்மாவைக் கூட்டி வரப் போனாள். அம்மா இருந்தது ஹைவேக்கு அந்தப் பக்கம். டிரெய்லர்கள் வரிசை கட்டி வருகிற நேரம் அது. ஒன்று நின்று வழி விட்டது, அதற்குப் பக்கத்தில் வந்தது நிற்கவில்லை. உயிரோடு கடந்திருந்தாலும் கம்பெனிக் கேட்டிலும் அவளை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்.

அன்று மத்தியானம் நீ பின்கட்டு வழியாக நம் வீட்டுக்கு வந்தாய். அங்கியெல்லாம் வேர்வை. நான் எழுந்து நிற்பதற்குள் அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாய். “மேல வராந்தால நின்னுகினு இருந்தேம்மா. தாஸு என்னப் பாத்து, தொறக்கட்டான்னு கையக் காட்டினாரு. நான் வேணான்னு தலைய ஆட்டினேன். அதுவும் என்ன அண்ணாந்து பாத்துச்சும்மா. பாத்து, குட் மார்னிங் ஃபாதர்னு சொல்லிச்சு” என்றாய். உன் தலையை என் வயிற்றோடு பிடித்துக்கொண்டேன். நீ அழுத அழுகை பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். அதைப் பார்த்ததால்தான் இன்றைக்கும் உன்னிடம் ஒன்றைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் ஃப்ளெக்ஸில் சிரிக்கிற ஆளுக்குக் கடிதம் எழுதி எனக்கு என்ன ஆகப்போகிறது?

மறுநாள் நிர்வாகம் சொன்னது, அந்த மாணவி அன்று பள்ளிக்கே வரவில்லை என்று. கேட்டில் இருக்கிற கேமரா ரிப்பேர் என்றார்கள். தாஸ் நடந்ததை டீக்கடையில் சொன்னார், குடித்துவிட்டு உளறுகிறான் என்றார்கள், வயதாகிவிட்டது என்று சொல்லி வேலையை விட்டும் நிறுத்திவிட்டார்கள். அடக்கத்துக்குப் பக்கத்துப் பங்கிலிருந்து வேறு சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்தார். உனக்குக் காய்ச்சல் என்று அறிவித்தார்கள். உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவள் நான், காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் நானும் கல்லறையில் கூட்டத்தோடு நின்று ஒரு பிடி மண் போட்டுவிட்டு, யாரிடமும் வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்தேன். உன் பக்கத்து நியாயமும் எனக்குப் புரியாமல் இல்லை. உண்மை வெளியே வந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள், இத்தனை பிள்ளைகளும் திரும்பத் தெருவில் நிற்கும் என்கிறாய். நிற்கலாம். போலீஸ் வரலாம், ரோமாபுரி போகாமல் போகலாம், உன் அங்கியைக்கூடக் கழற்றச் சொல்லலாம். உன் அப்பா உயிரோடு இருந்திருந்தால் உன்னைப் போக விட மாட்டார், என்னையும் எழுத விட மாட்டார். நானே இந்த ஒரு மாதமும் என்னை அப்படிச் சொல்லித்தான் அடக்கி வைத்திருந்தேன்.

புதன்கிழமை லூர்து வீட்டுக்குப் போனேன். ஷிப்டு முடிந்து வந்து வாசலில் கம்பெனிக் கோட்டைத் துவைத்துக்கொண்டிருந்தாள். வாங்க டீச்சர் என்று ஸ்டூலை எடுத்துப் போட்டாள், மறுபடியும் போய்த் துவைக்க உட்கார்ந்தாள். மாதப் பூசை வைக்க வேண்டாமா, சொல்லியிருக்கிறாயா என்று கேட்டேன். வேறு எதைக் கேட்பது? அவள் கோட்டை அடித்த அடி எனக்கே பயமாக இருந்தது. “ஸ்கூலுக்கே வர்லன்னு சொல்றாங்களே டீச்சர். அப்போ எங்க போனா அவ? யூனிஃபார்ம மாட்டிக்கினு, பையத் தூக்கிக்கினு, ஹைவே ரோட்ல அவளுக்கு இன்னா வேலை?” என்றாள். தாஸ் சொன்னதைக் கேட்கவில்லையா என்றேன். “அந்தாளு குடிகாரன். சாமி சொல்றாரு வர்லன்னு, சாமி பொய்யா சொல்வாரு?” என்றாள். நான் குனிந்துகொண்டேன். அவளே மேலே பேசினாள். “பக்கத்து வூட்டுக்காரி சொல்றா, கம்பெனியாண்ட பஜ்ஜிக் கடைக்குப் போயிருக்கும்னு. அங்க நின்னு நின்னு கால் வீங்கி நான் சம்பாரிக்கிறேன், இவ பஜ்ஜி துன்னப் போனாளா? நான் இன்னும் கல்லறைக்குப் போவல டீச்சர். போனா அவள அடிக்கணும்னுதான் வருது” என்றாள். அழவில்லை. கோட்டைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

செத்த பிள்ளையின் மேல் கோபமாக இருக்கிறாள், நைனா. நீங்கள் சொன்னதை அப்படியே நம்பி, பெற்றவளே அதைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பிள்ளை தம்பியை ஒப்படைத்தது, பள்ளிக்கு ஓடி வந்தது, உனக்கு வணக்கம் சொன்னது, அம்மாவைக் கூட்டி வா என்றதும் போனது. அதன் பேரில் ஒரு சொல் தப்பு கிடையாது. அது ஊர் சுற்றப் போனது என்று ஊரும் சொல்கிறது, தாயும் நம்புகிறாள். உயிரைத்தான் திருப்பிக் கொடுக்க முடியாது. இந்த உண்மையையாவது கொடுக்கலாமே. இதைக் கொடுக்க உன்னால் மட்டும்தான் முடியும்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் சாமியின் தாயார் என்று கூப்பிட்டு எனக்கும் பொன்னாடை போடப்போகிறார்களாம், சபைக்காரர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குள் நீ அந்த வீட்டுக்குப் போய் வந்திருந்தால் வந்து தலை குனிந்து வாங்கிக்கொள்கிறேன். போகாவிட்டால் விழா நடக்கிற நேரத்தில் நான் லூர்து வீட்டில் இருப்பேன், எனக்குத் தெரிந்ததை நானே சொல்லிவிடுவேன். ஆனால் நான் சொன்னால் அது காதால் கேட்டது. கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று இரண்டு நாளில் ஆக்கிவிடுவார்கள். நீ சொன்னால் அது கண்ணால் பார்த்தது, அவளும் நம்புவாள். அப்புறம் வக்கீல் என்ன செய்வாரோ, ஆயர் என்ன செய்வாரோ, அதைப் பிறகு பார்த்துக்கொள்வோம். நீ ஜெயிலுக்குப் போனாலும் சோறு கொண்டுவர நான் இருக்கிறேன்.

இந்த வாரமும் அவளுக்குக் காலை ஷிப்டுதான், மூன்று மணிக்கு மேல் வீட்டில் இருப்பாள். அங்கி போட்டுக்கொண்டு போனாலும் சரி, சட்டையோடு போனாலும் சரி, உன் இஷ்டம். துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகாதே. பணம் கொண்டுபோகாதே. போனதும் ஜெபம் சொல்ல ஆரம்பிக்காதே, ஆண்டவர் சித்தம் என்ற பேச்சை அந்த வாசலில் எடுக்காதே. உட்காரச் சொன்னால் உட்கார், கையில் கிடைத்ததால் அடித்தால் வாங்கிக்கொள். அவள் உன்னிடம் ஒன்றும் கேட்க மாட்டாள், சாமி வந்திருக்கிறார் என்று டீ போடப் போவாள். போக விடாதே. நிறுத்திச் சொல்: “ஜெனிபர் அன்னிக்கு ஸ்கூலுக்கு வந்தா லூர்து. நான்தான் உள்ள வுடல.”

அம்மா